பல் வைத்தியரின் செவி

பல் வைத்தியரின் நாற்காலியில் ஒருமுறை அமர்ந்தவர் துளைப்பொறியின் கீச்சொலியை எளிதில் மறப்பதில்லை. எனினும் நோயாளி அதனைக் கால்மணி நேரம் கேட்டுவிட்டு வீடு திரும்பிவிடுகிறார். வைத்தியரும், அவருக்குத் துணை நிற்கும் பணியாளரும், அடுத்த அறையில் பொய்ப்பற்களைத் தேய்த்து மெருகேற்றும் பல் மெக்கானிக்கும் முப்பது, நாற்பது ஆண்டுகள் அவ்வோசையின் நடுவிலேயே வாழ்கின்றனர். அது அவர்கள் செவியை என்ன செய்கிறது என்னும் கேள்வி எழுந்த வரலாற்றை நாம் இங்கே காண்போம்.

பல்லைத் துளைப்பது புதிய வித்தையன்று. இன்று பாகிஸ்தானில் அடங்கிய பலூச்சிஸ்தானத்தில், போலன் கணவாய்க்கு அருகே மெஹர்கட் என்னும் தொல்லூர் இருக்கிறது. அங்குள்ள இடுகாட்டில் ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப் பற்கள் துளையிடப்பட்டிருந்தமையை ஆராய்ச்சியாளர் கண்டு 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவை ஏழாயிரத்து ஐந்நூறு முதல் ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. தச்சர் வில்லைக் கொண்டு தமரைச் சுழற்றுவது போல, கூரிய கல்முனையை வில்லால் சுழற்றி அத்துளைகளை இட்டிருக்கலாம் என்பது அவர்கள் துணிபு. அந்த வேலையால் வலி நேர்ந்திருக்கும்; காது கெட்டிருக்க வழியில்லை.

நெடுங்காலம் இந்நிலை பெரிதும் மாறவில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் மாரிசன் என்பார் 1871-ஆம் ஆண்டில், தையல் யந்திரத்தைப் போலக் காலால் மிதித்துச் சுழற்றும் துளைப்பொறிக்கு உரிமை பெற்றார். 1875-இல் ஜார்ஜ் கிரீன் மின்சாரத் துளைப்பொறிக்கு உரிமை பெற்றார். மின்சாரம் வந்த பின்னரும் பல பத்தாண்டுகள் வரை பொறியின் வேகம் நிமிஷத்துக்குச் சில ஆயிரம் சுற்றுக்களாகவே இருந்தது. அந்த வேகத்தில் எழுந்தது தாழ்ந்த உறுமல். நோயாளியின் மண்டையை அதிரச் செய்த அவ்வுறுமலைக் குறைக்கவே அறிஞர் முயன்றனர். வைத்தியரின் செவியை அப்போது எவரும் கருதவில்லை.

அதிர்வைக் குறைக்க ஒரு வழி வேகத்தை மிகுதியாக்குவது. நியூஜீலந்தில் ஜான் வால்ஷ் 1949-இல், அழுத்திய காற்றால் சுழலும் கைப்பொறி ஒன்றை உரிமைக்குப் பதிவு செய்தார். 1957-இல் வாஷிங்டன் நகரத்து ஜான் போர்டன் அமைத்த காற்றுச் சுழலி விற்பனைக்கு வந்தது. அதன் வேகம் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 3,00,000 சுற்று. பல் வெண்ணெய் போலக் கரைந்தது, நோயாளியும் நிம்மதியுற்றார்.

இவ்விடத்தில் சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்று என்றால் விநாடிக்கு ஐயாயிரம் சுற்று. சுழற்சி எழுப்பும் அடிப்படை ஓசையும் விநாடிக்கு ஐயாயிரம் அதிர்வுகள் கொண்டதாகவே இருக்கும். மனிதச் செவி இரைச்சலுக்கு முதலில் பலியாகும் பகுதியோ, விநாடிக்கு மூவாயிரம் முதல் ஆறாயிரம் அதிர்வுகள் வரையுள்ள பகுதியாகும். நோயாளியின் வலியைத் தணிக்க வந்த கருவி, வைத்தியர் செவியின் மிக மெலிந்த இடத்தில் சென்று முட்டியது. எவரும் எண்ணிச் செய்ததன்று இது.

செவியின் உள்ளே நத்தைக் கூடு போன்ற சுருளில், நுண்மயிர் தாங்கிய ஆயிரக்கணக்கான அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பேரொலி தொடர்ந்து தாக்கும்போது அவை தளர்ந்து இறுதியில் மடிகின்றன. மனிதரிடத்தில் அவை மீண்டும் முளைப்பதில்லை. இழப்பு மெல்லத் தொடங்குவதால் உரியவரே அதனை அறியார். பேச்சொலி காதில் விழும், சொல் தெளியாது. உயர்ந்த அதிர்வுகளை நம்பி நிற்கும் சகர ஒலி முதலில் மங்கும். 'பசி' என்றதும் 'பதி' என்றதும் மயங்கும். கூட்டத்தின் நடுவே பேரக்குழந்தையின் மழலை புரியாமற்போகும். இவற்றை முதுமையின் குற்றமென்றே பலரும் எண்ணிவிடுகின்றனர்.

தொழில் செவியைக் கெடுக்கும் என்பதை உலகம் முன்னரே அறிந்திருந்தது. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் முதன்முதலாக விரிவான நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் ராமத்ஸீனி, வெனிஸ் நகரத்துச் செப்புக் கன்னார் நாளெல்லாம் சம்மட்டி ஓசையில் உழன்று செவிடாவதைப் பிற்காலத்தில் எழுதிவைத்தார். நம் ஊர்க் கன்னார் தெருவில் நடந்தவர்க்கு இதற்குச் சான்று வேண்டுவதில்லை. 1886-இல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்னும் மருத்துவர், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்தார். கைக்கடிகாரத்தின் டிக்டிக் ஓசையை எவ்வளவு தூரத்தில் கேட்க முடிகிறது என்பதே அவருடைய அளவுகோல். பழுதற்ற செவியுடையவர் ஒருவரையும் அவர் அங்கே காணவில்லை.

கொல்லுத் தொழிலாளருக்குச் செய்த சோதனை பல் வைத்தியருக்கும் செய்யப்பட்டது ஸ்காட்லாந்திலுள்ள டண்டி நகரில். வங்காளத்துச் சணலை நெய்து வாழ்ந்த நகரம் அது. ஆகவே நம் நாட்டு விளைபொருளும் இவ்வரலாற்றில் ஓர் இழையாகச் சேர்கிறது. அங்குள்ள தறிக்கூடங்களின் இரைச்சலில் பேச்சுக் கேளாமையால், பெண்கள் உதட்டசைவைக் கண்டே உரையாடப் பழகியிருந்தனர். டெய்லர் என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் அச்சணல் நெசவாளரின் செவித்திறனை அளந்து 1965-இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் அவர்கள், காற்றுச் சுழலியைக் கையாண்ட பல் வைத்தியரின் செவியைப் பற்றியும் ஆராய்ச்சி வெளியிட்டனர். விநாடிக்கு 4,000, 6,000 அதிர்வுகளில் வைத்தியர்களின் செவித்திறன் குன்றியிருந்ததாக அதில் கண்டனர். கருவி கடைக்கு வந்து எட்டே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன.

நாம் இதனை மிகைப்படுத்தலாகாது. அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் ஒருமுகமாக இல்லை. சில இழப்பைக் கண்டன. சில, வயதுக்கேற்ற தளர்ச்சிக்கு மேல் ஒன்றுமில்லை என்றன. இதற்குக் காரணமுண்டு. அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் 1972-இல் விதந்துரைத்த எல்லை, எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். நல்ல நிலையிலுள்ள கைப்பொறி பெரும்பாலும் அதனை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் ஒலிக்கிறது. வைத்தியர் நாள் முழுதும் துளைப்பதுமில்லை. ஆனால் உருளைகள் தேய்ந்த பழம்பொறி, எச்சிலை உறிஞ்சும் குழாய், காறையகற்றும் மீயொலிக் கருவி, மூலையில் அதிரும் காற்றழுத்தி ஆகிய யாவும் சேரும்போது கணக்கு மாறுகிறது. டெசிபல் மூன்று ஏறினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகும்; தாங்கக்கூடிய நேரமோ, அந்நிறுவனம் 1998-இல் வகுத்த கணக்கின்படி, பாதியாகும். பல் மருத்துவக் கல்லூரியில் ஒரே கூடத்தில் மாணவர் பலர் ஒருங்கே துளைப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம்மைக் கேட்டால், கவலைக்கு உரியவர் வைத்தியரினும் மெக்கானிக்கே என்போம். வார்ப்பெடுத்த சாந்தை அராவும் பொறி, மணலை வீசி உலோகத்தைத் துலக்கும் பெட்டி, மெருகேற்றும் சக்கரம் ஆகியவை அவர் அறையில் இடைவிடாது ஓடுகின்றன. அறையோ பெரும்பாலும் சிறியது.

இந்தியாவில் பல் மருத்துவக் கல்வி, டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் நிறுவிய கல்லூரியோடு தொடங்கியது. 1948-இல் இயற்றிய பல் மருத்துவர் சட்டம் வைத்தியரையும், பல் தூய்மைப் பணியாளரையும், மெக்கானிக்கையும் தனித்தனியே பதிவுசெய்ய வகைசெய்தது. அதே ஆண்டில் வந்த தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-இல் திருத்தம் செய்தபோது, இரைச்சலால் வரும் செவிக்கேடு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் வரிசையில் இடம்பெற்றது. ஆனால் மின்விசை கொண்டு இயங்கும் இடத்தில் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்தால், அச்சட்டத்தின் பொது வரையறைப்படி அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டதில்லை. பொய்ப்பல் செய்யும் சிறு கூடங்களில் மூவரோ நால்வரோதான் இருப்பர். நோய் பட்டியலில் ஏறியது. அந்த நோயாளி ஏறவில்லை.

பரிகாரங்கள் எளியவை. காற்றழுத்தியை அறைக்கு வெளியே வைத்தல், பொறிக்கு நாள்தோறும் எண்ணெயிடுதல், தேய்ந்த உருளையை உடனே மாற்றுதல், ஆண்டுக்கொருமுறை செவியைச் சோதித்தல் ஆகியவை அவை. காதடைப்பான் மட்டும் வைத்தியருக்கு உவப்பாயில்லை. நோயாளியின் முனகல் கேளாமற்போகுமே என்று அஞ்சுகின்றனர். பேச்சை விடுத்து உயர்ந்த ஒலியைத் தணிக்கும் அடைப்பான்கள் இப்போது கிடைக்கின்றன.

கருவியிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. காற்றுச் சுழலியால் துரத்தப்பட்ட மின்சாரத் துளைப்பொறி, பற்சக்கரங்களின் துணையோடு நிமிஷத்துக்கு 2,00,000 சுற்று வேகம் பெற்றுத் திரும்பி வந்துள்ளது. அதன் ஓசை பொதுவாகத் தாழ்ந்தது. விலையும் எடையும் மிகுதியானமையால், நம் நாட்டு வைத்தியசாலைகள் பலவற்றில் காற்றுச் சுழலியே இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.