குழாய் ஸ்பீக்கரில் வந்த இண்டர்நெட்

பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே நீளமாகப் படுத்துக் கிடக்கிறது ஒரு மணல் தீவு. ஸ்ரீஹரிகோட்டா. 1971-லிருந்து அங்கே ராக்கெட் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2008-ல் சந்திரயான் கிளம்பியது அங்கிருந்து. 2023-ல் நிலவின் தென் துருவப் பக்கம் போய் இறங்கியதே சந்திரயான்-3, அதுவும் அங்கிருந்துதான்.

ராக்கெட் விடுகிற நாளில் ஏரிக்கரைக் குப்பங்களில் தொழில் கிடையாது. கடலுக்குப் போகாதே என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். நல்லது. தலைமேல் ஏதாவது விழுந்து தொலைத்தால் யார் பொறுப்பு? ஆனால் வருஷத்தில் மற்ற நாள்கள் இருக்கின்றனவே. இன்றைக்கு அலை மோசம், காற்று சரியில்லை, போகாதே என்று குப்பத்துக்கு வந்து சொன்னது யார்?

ரொம்ப காலத்துக்கு யாருமில்லை.

புயல் எச்சரிக்கை என்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1864-ல் கல்கத்தாவைப் புயல் புரட்டிப் போட்டது. அடுத்த வருஷமே துறைமுகத்தில் எச்சரிக்கைச் சின்னம் ஏற்றும் ஏற்பாடு வந்துவிட்டது. நாம் ரேடியோவில் கேட்டு வளர்ந்த 'மூன்றாம் எண் கூண்டு' அந்த வம்சம்தான். ஆனால் கூண்டு யாருக்காக? கப்பலுக்காக. துறைமுகத்தில் ஏற்றினால் துறைமுகத்தில்தான் தெரியும். குப்பத்தில் இருப்பவனுக்கு ரேடியோதான் கதி. அதிலும் 'கடலோர மாவட்டங்களில் பலத்த காற்று' என்று மொத்தமாகச் சொல்வார்களே தவிர, நாளைக் காலையில் உன் ஊருக்கு நேர் கிழக்கே அலை எத்தனை அடி என்று சொல்ல மாட்டார்கள். கட்டுமரக்காரனுக்கு வேண்டியது அந்த ஒரு எண்தான்.

அந்த எண்ணை முதன்முதலில் கரைக்குக் கொண்டுவந்து காட்டிய கதை பழவேற்காட்டில் நடக்கவில்லை. இதே சோழமண்டலக் கரையில், தெற்கே இருநூறு கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரியில் நடந்தது.

1998. சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. கொடுத்த பணத்தில், கிராமங்களுக்கு இண்டர்நெட் கொண்டுபோகப் புறப்பட்டது. பட்டணத்திலேயே மோடம் கீச் கீச்சென்று கத்தி, பத்து முறை அறுந்து, பதினோராவது முறை ஒட்டிய காலம். கிராமத்தில் டெலிபோன் லைன் இருந்தால்தானே அறுவதற்கு?

ஆகவே வயரை விட்டுவிட்டார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூரில் ஒரு தலைமை நிலையம். அங்கே மட்டும் டெலிபோன் லைன் வழியாக இண்டர்நெட். அங்கிருந்து சுற்றுப்புறக் கிராமங்களுக்கு வி.எச்.எஃப். வயர்லெஸ். போலீஸ் ஜீப்பில் 'ஓவர் ஓவர்' என்பார்களே, கிட்டத்தட்ட அந்த ஜாதி. அதே அலைவரிசையில் பேச்சும் போகும், கம்ப்யூட்டர் தகவலும் போகும். கரண்ட் போனால்? சோலார் பேனல். இன்னொரு சங்கதி. அந்த நாளில் வயர்லெஸ் செட்டை யாரும் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. 1933-ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம் உயிரோடு இருந்தது. வைஃபை அலைவரிசையைத் திறந்தவெளியில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தவே 2005 ஜனவரியில்தான் அனுமதித்தார்கள்.

முதலில் ஊர் ஊராகப் போய், உங்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் பெட்டியை இறக்கிவிட்டுப் போன திட்டங்கள் நம் நாட்டில் ஏராளம். ஊர் இடம் கொடுக்கவேண்டும். எந்த ஜாதிக்காரரும் உள்ளே வரலாம் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். எம்பலம் கிராமத்தில் பெருமாள் கோயில் கட்டடத்திலேயே ஓர் அறை கிடைத்தது. நடத்தியவர்கள் உள்ளூர்ப் பெண்கள். 2000-ல் நியூ யார்க் டைம்ஸ் வந்து பார்த்து எழுதிவிட்டுப் போனது.

விவசாய ஊர்கள் நெல் விலை கேட்டன. வீராம்பட்டினம் மீனவர்கள் அலை உயரம் கேட்டார்கள்.

எங்கே கிடைக்கும் அது? அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்தில் கிடைத்தது. உலகக் கடல்களின் அலை உயரத்தை அவர்கள் தங்கள் கப்பல்களுக்காகக் கணித்து வைக்கிறார்கள். வங்காள விரிகுடாவும் அதில் அடக்கம். 1971 யுத்தத்தில் நம்மை மிரட்டுவதற்காக இதே வங்காள விரிகுடாவுக்குள் தன் ஏழாவது கப்பற்படையை அனுப்பிய அதே அமெரிக்காதான். இருபத்தேழு வருஷம் கழித்து அந்தக் கடற்படையின் கணக்கு, பைசா செலவில்லாமல், புதுச்சேரி மீனவருக்குப் பயன்பட்டது. இதை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

வில்லியனூரில் அந்த வரைபடத்தை இறக்கிப் பார்த்து, விஷயத்தைத் தமிழாக்கி, வயர்லெஸ்ஸில் வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். ஆச்சு, கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. ஆனால் விடிகாலை இருட்டில் வலையைத் தூக்கிக்கொண்டு போகிறவர், கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டா போவார்? வழியில் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற அதே ஸ்பீக்கர். அதில் அறிவிப்பு போகும். மோடம், வயர்லெஸ், சோலார் எல்லாம் தாண்டி வந்த இண்டர்நெட்டின் கடைசி நூறு மீட்டரை ஸ்பீக்கர்தான் கடந்தது. என்னைக் கேட்டால், மொத்தத் திட்டத்திலும் புத்திசாலித்தனமான சாமான் அதுதான்.

சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவில் பூமி அதிர்ந்தது. நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! தெரிந்திருந்தால் ஊரையே காலி செய்திருக்கலாம். பழவேற்காட்டுக் குப்பங்களுக்கும் அன்றைக்கு அலை வந்தது. எச்சரிக்கை வரவில்லை. வானிலைத் துறை டெல்லியில் அனுப்பிய ஃபேக்ஸ், பதவியில் இல்லாத பழைய அமைச்சருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பின்னால் பத்திரிகைகள் எழுதின.

புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்திலும் சுவாமிநாதன் நிறுவனத்தின் மையம் ஒன்று இருந்தது. அதில் முன்பு தொண்டராக இருந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். செய்தியில் சுனாமி என்று கேட்டதும் வீட்டுக்குப் போன் போட்டார். கடல் தண்ணீர் உள்ளே வருது என்றார்கள் வீட்டில். உடனே ஊரைக் கிளப்புங்கள் என்றார் இவர். ஞாயிற்றுக்கிழமை, மையம் பூட்டியிருந்தது. பூட்டை உடைத்தார்கள். ஸ்பீக்கரைப் போட்டார்கள். தினமும் அலை உயரம் சொல்லுகிற அதே ஸ்பீக்கர், ஓடுங்கள் என்றது. ஊர் ஓடியது. சுமார் ஐந்நூறு குடும்பங்கள், 3,600 பேருக்கு மேல். படகுகள் போயின, வீடுகள் போயின. உயிர்கள் தப்பின.

கவனியுங்கள். அன்றைக்கு வேலை செய்தது இண்டர்நெட் அல்ல, டெலிபோன். ஆனால் ஸ்பீக்கரில் வருவது வெட்டிப் பேச்சல்ல என்று ஊருக்குப் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தை வளர்த்தது, அமெரிக்கக் கடற்படைத் தளத்திலிருந்து நாள்தோறும் இறக்கிய சாதாரண அலைக் கணக்கு.

இண்டர்நெட் வந்த ஊரெல்லாம் இப்படி இல்லை. 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் வயர்லெஸ்ஸை வைத்துக் கிராமக் கியாஸ்க்குகள் திறந்தார்கள். பிறப்புச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் விண்ணப்பம், அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வெப்கேமராவில் கண்ணைக் காட்டுவது என்று அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் அங்கே கடை வைத்தவர் கடன் வாங்கி வைத்தார். மாதம் இவ்வளவு வந்தால்தான் தவணை கட்ட முடியும். தாலுகா ஆபீஸில் ஆர்வம் குறைந்ததும் வருமானம் விழுந்தது. பி.காம். முதல் வருஷப் பையன் போடுகிற கணக்கு இது. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. அப்புறம் செல்போன் வந்து மிச்சத்தையும் முடித்துவைத்தது.

செல்போன் கரையில் சரி. கடலுக்குள் கொஞ்ச தூரம் போனால் டவர் இல்லை. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. அலை உயரத்துக்கு அமெரிக்காவின் தயவு வேண்டியதில்லை. ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது கன்னியாகுமரிக்காரர்கள் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். கரையில் எச்சரிக்கை இருந்தது. அவர்களுக்குக் கொண்டுபோய்ச் சொல்ல வழியில்லை. நூற்றுக்கணக்கான பேர் திரும்பவில்லை. அத்தனை தூரத்துக்கு எந்த ஸ்பீக்கர் கேட்கும்?

அதற்குப் பிறகுதான் அரசாங்கம் துணைக்கோள் பக்கம் வேகமாகத் திரும்பியது. 2019-ல் வந்த ஜெமினி கருவி எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுபோகும். படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் செய்தி போகிற டிரான்ஸ்பாண்டரை இஸ்ரோ உருவாக்கியது. கடலோர மாநிலங்களில் ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அது ஜிசாட்-6 துணைக்கோள் வழியாகப் பேசுகிறது.

ஜிசாட்-6 மேலே போனது 2015 ஆகஸ்ட் 27-ல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. வழக்கப்படி பார்த்தால் அன்றைக்கும் பழவேற்காட்டில் படகை இறக்கியிருக்க விட்டிருக்க மாட்டார்கள்.