முப்பது வொட்ஸ் ஒரு தோட்டத்துக்குப் போதுமாயிருந்த காலம்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ-26 வீதியில், நக்கிள்ஸ் மலைப்பக்கம் இருக்கிறது எங்கள் ஹுன்னஸ்கிரிய. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிய மூத்தவர்களிடம்தான் நான் தொழில் படித்தேன். இன்று கடைக்கு வருகிறவர் "எத்தனை வொட்ஸ்?" என்கிறார். அவர்களோ முதலில் "எத்தனை ஓம்?" என்றுதான் கேட்பார்கள்.

1940இல் தொடங்கிய டில்லி நிறுவனமான அஹூஜாவின் அம்ப்களில், பின்பக்கம் 4, 8, 16 ஓம், 100 வோல்ட் என்று திருகாணிகள் வரிசையாக இருக்கும். புனல் வடிவ ஒலிபெருக்கியான ஹோர்னின் யூனிட் 16 ஓம். இரண்டைச் சமாந்தரமாகக் கட்டினால் 8, நான்கைக் கட்டினால் 4. அதற்குரிய திருகாணியில்தான் வயரை முறுக்க வேண்டும். கோயில் மேட்டிலும் தொழிலாளர் குடியிருக்கும் லயம் பள்ளத்திலும் இருந்தால் இந்தக் கணக்கு உதவாது, நீள வயரே பாதிச் சக்தியைத் தின்றுவிடும். அங்கே 100 வோல்ட் லைன்தான். ஒவ்வொரு ஹோர்னுக்கும் ஒரு சின்ன டிரான்ஸ்போமர் மாட்டி, இதற்கு 10 வொட்ஸ், அதற்கு 5 வொட்ஸ் என்று பங்கு வைப்பார்கள். மொத்தம் அம்பின் அளவைத் தாண்டக் கூடாது. லயத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் இதெல்லாம் லொறி பெட்டரியில் ஓடியது.

30 வொட்ஸில் எதிர்மலைக்கும் பாட்டுக் கேட்டதற்குக் காரணம் ஹோர்ன்தான். ஒரு வொட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 105 டெசிபலுக்கு மேல் தரும். வீட்டு ஸ்பீக்கர் தருவது 86, 88. அந்த 20 டெசிபலை அம்பால் ஈடுகட்டப் போனால் நூறு மடங்கு வொட்ஸ் வேண்டும்.

1977இல் இலங்கையில் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. பிறகு மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பெண்கள் கெசட் செட்டுகளோடு திரும்பினார்கள். பெட்டியில் 'பி.எம்.பி.ஓ. 1000 வொட்ஸ்' என்றிருக்கும். உச்ச இசைச் சக்தி என்று பொருள்படும் அந்த எழுத்துகளுக்குப் பின்னால் எந்த நியமமும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய வொட்ஸையே விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 1974இலேயே விதி போட்டிருந்தது. அது நம் ஊர்க் கடைகளைக் கட்டுப்படுத்தவில்லை. செட்டின் பின்தகட்டைத் திருப்பிப் பார்த்தால் 230 வோல்ட், 40 வொட்ஸ் என்றிருக்கும். 40 எடுக்கிற செட் 1000 எப்படிக் கொடுக்கும்? வீட்டையும் பிள்ளையையும் விட்டுப்போய் உழைத்த காசுக்கு இந்தப் பொய் எண்ணை விற்றார்களே என்று எனக்கு இன்றும் கொதிப்புத்தான்.

உண்மையான வொட்ஸை அளப்பது கஷ்டமில்லை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, சூடு தாங்குகிற 8 ஓம் ரெசிஸ்டரை மாட்டுவேன். 50 ஹேர்ட்ஸ் ஒலியை விட்டு, ஒஸிலோஸ்கோப்பில் அலையின் தலை தட்டையாகத் தொடங்கும்வரை கூட்டி, அந்த இடத்தில் ஏசி வோல்ட்டைப் பார்ப்பேன். 20 வோல்ட் என்றால் 20ஐ 20ஆல் பெருக்கி 8ஆல் பிரிக்க 50 வொட்ஸ். ஹோம் தியேட்டர் ரிசீவரில் 'சேனலுக்கு 100' என்பது பெரும்பாலும் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது எடுத்த கணக்கு. ஐந்தும் சேர்ந்தால் ஒரே டிரான்ஸ்போமரைப் பங்குபோட வேண்டும், வோல்ட் இறங்கிவிடும். ட்வீட்டர்களை எரிப்பதும் அந்தத் தட்டைத்தலை அலைதான். பெரிய அம்பை அளவோடு வைப்பதைவிடச் சின்ன அம்பை முழுக்கத் திருகுவது ஆபத்து.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை என்று 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னபின், விடியவிடியக் கட்டும் வேலை எங்களுக்குக் குறைந்துபோனது. இப்போது வீட்டு செட்டுகள்தான் அதிகம். பன்னிரண்டடி அறையும் 88 டெசிபல் ஸ்பீக்கரும் என்றால், சேனலுக்கு உண்மையான 30 வொட்ஸ் தாராளம் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.