காங்கேசன்துறைத் தொகுதி

இலங்கையின் வடகரையில், இருப்புப்பாதை முடிவுறும் துறைமுகத்தாலும் பின்னர் சிமெந்துத் தொழிற்சாலையாலும் பெயர்பெற்ற காங்கேசன்துறை, 1947ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தலில், தமிழ்க் காங்கிரசின் வேட்பாளராக நின்ற சா. ஜே. வே. செல்வநாயகத்தைத் தன் முதற் பிரதிநிதியாகத் தெரிந்தெடுத்தது. மலைநாட்டுத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தையொட்டிக் காங்கிரசினின்று பிரிந்து, 1949இல் தமிழரசுக் கட்சியை நிறுவிய அப்பெரியாரையே, 1952இல் அதே தொகுதியார், ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் நின்றவரும் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகருமான சு. நடேசபிள்ளைக்கு வாக்களித்துத் தோற்கடித்தனர் என்பது, பிற்காலத்தார் பலர் மறந்துவிட விரும்பும் செய்தி. 1956 முதல் தொகுதி அவரைக் கைவிடவில்லை.

ஆயினும் அதன் சரித்திரத்தில் சிரேஷ்டமான அத்தியாயம் ஓர் இடைத்தேர்தலே. 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பைத் தமிழர் நிராகரிக்கின்றனர் என்பதை வாக்குப் பெட்டியின் மூலமே நிரூபிக்க எண்ணி, அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் தம் ஆசனத்தைத் துறந்தார். அரசாங்கமோ, ஆறின கஞ்சி பழங்கஞ்சியாகட்டும் என்று எண்ணியதுபோல, இரண்டாண்டுகளுக்கு மேல் தாமதித்து, 1975 பெப்ரவரி 6ஆம் திகதிதான் தேர்தலை நடத்திற்று. கஞ்சி ஆறவில்லை! கம்யூனிஸ்டுக் கட்சியின் வி. பொன்னம்பலத்தை 16,000க்கு மேற்பட்ட வாக்குகளால் வென்ற அம்முதியவர், அவ்வெற்றியைத் தனியரசுக்கான ஆணையென்றே பிரகடனம் செய்தார்.

1977 ஏப்ரலில் அவர் மறைய, ஜூலையில் இத்தொகுதியில் வென்ற அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தமையால், 1989ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலிலிருந்து இத்தொகுதி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துள் அடங்கிற்று.