பேச்சை வைத்து அறிவை அளந்த கதை

பேச்சு வராத பிள்ளைக்கு அறிவும் வராது என்று முடிவு கட்டும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. தாய் பால்மரம் வெட்டப் போனபின் ஆயாக் கொட்டகையில் விடப்பட்ட குழந்தைகளுள், நான்கு வயதாகியும் வாய் திறவாதது ஒன்று இருந்தால், அதற்கு 'ஊமை' என்பதே பெயராகிவிடும். நாவில் வசம்பு தேய்ப்பர், கோயிலுக்கு நேர்ந்துகொள்வர், பிறகு விட்டுவிடுவர். இத்தவறு தோட்டத்து மக்களுக்கு மட்டும் உரியதன்று. மருத்துவம் கற்றோரும் செய்ததே. அது சிறிது சிறிதாகத் திருந்திய வரலாற்றை, மரபணு மாறுபாட்டுடன் பிறக்கும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளைக் கொண்டு காணலாம்.

கோலா கங்சாரில் 1877-ஆம் ஆண்டு ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்படுவதற்குப் பதினோராண்டு முன்னர், இங்கிலாந்தின் ஏர்ல்ஸ்வுட் காப்பகத்து மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் ஒரு கட்டுரை வெளியிட்டார். தம் பொறுப்பிலிருந்த பிள்ளைகளை முகச்சாயலை நோக்கி, உலக இனங்களின் பெயரால் வகை பிரித்தார். மலாய் இனத்தின் பெயரும் அதில் இடம்பெற்றது! நிலைத்துப் போனது 'மங்கோலியர்' என்ற பெயரே. ஆனால் அதே கட்டுரையில் வேறொன்றும் இருந்தது. இப்பிள்ளைகளின் பேச்சு தடித்துத் தெளிவின்றி இருப்பினும், முறையான நாப்பயிற்சியால் அதைப் பெரிதும் திருத்தலாம் என்று அவர் எழுதினார். எழுதியதோடு நில்லாமல், 1868-இல் டெடிங்டனில் நார்மன்ஸ்ஃபீல்டு என்னும் இல்லத்தையும் தொடங்கினார். 1879-இல் அங்கு ஒரு நாடக அரங்கே எழுந்தது. உலகமோ பெயரைப் பிடித்துக்கொண்டு பயிற்சியை மறந்தது.

மாறுபாட்டின் காரணம் தெரிய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. மனித உயிரணுவில் உள்ள குரோமோசோம்கள் 46 என்பதையே, ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ என்பவர் ஆல்பர்ட் லெவானுடன் கூடி, 1956-இல்தான் நிறுவினார். 1959-இல் பாரிஸ் நகரத்து லெஜூன், கோத்தியே, துர்ப்பென் ஆகியோர், இக்குழந்தைகளிடம் 21-ஆவது குரோமோசோம் ஒன்று மிகுந்து 47 இருப்பதை வெளியிட்டனர். ஆகவே இது தாயின் குற்றமன்று; கிரகணத்தின் வேலையுமன்று. உறவில் மணந்ததாலும் வருவதன்று. அதனால் மிகும் மரபு நோய்கள் வேறு. பழைய இனப்பெயரைக் கைவிட வேண்டுமென 1961-இல் அறிஞர் சிலர் லான்செட் இதழில் எழுதினர். 1965-இல் மங்கோலிய நாடே உலகச் சுகாதார நிறுவனத்திடம் முறையிட்டது.

இனிப் பேச்சுக்கு வருவோம். அமெரிக்காவில் எரிக் லென்னபெர்க்கும் அவருடன் உழைத்தோரும், பெற்றோருடன் வீட்டில் வாழ்ந்த 61 டவுன் குழந்தைகளை மூன்றாண்டு கவனித்து, 1964-இல் முடிவை வெளியிட்டனர். எல்லாக் குழந்தைகளும் ஏறும் படிகளிலேயே இவர்களும் ஏறுகின்றனர். வேகம் மட்டுமே குறைவு என்பது அவர்கள் கண்டது. பின்வந்தோர் இன்னொன்றையும் கண்டனர். இக்குழந்தைகள் பேசுவதைவிட மிகுதியாகப் புரிந்துகொள்கின்றனர்!

புரிந்தது ஏன் வாய்க்கு வருவதில்லை? முதற் காரணம் செவி. நடுச்செவியில் நீர் தேங்குவது இவர்களிடம் மிகுதி. கேட்பது மங்கினால் சொல்வதும் மங்கும். இரண்டாவது தசைத் தளர்ச்சி. எழுத்தொலிகள் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துள்ளார். இதழ் இயைந்தால் பகரமும் மகரமும் பிறந்துவிடும். 'அம்மா', 'அப்பா' எளிதில் வரும். நுனிநாவை மேலண்ணத்தில் வருடச் செய்யும் ரகரமும் ழகரமும் அப்படியல்ல. தளர்ந்த நாவுக்கு அவை மலை. மூன்றாவது, கேட்ட ஒலித்தொடரைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்தும் ஆற்றல் இவர்களிடம் குறைவு. கண்ணால் கண்டது அதைவிட நன்றாகத் தங்கும்.

இதற்கு நேர்மாறான சான்றும் கிடைத்தது. நியூசிலாந்தின் மருத்துவர் வில்லியம்ஸ் 1961-இல் விவரித்த குழந்தைகளுக்கு 7-ஆவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லை. அவர்களுள் பலர், பேசத் தொடங்கியபின், சரளமாகப் பேசுவர். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து வரைய இடர்ப்படுவர். நாவை வைத்து அறிவை அளப்பது எத்தனை பிழை!

கண்ணின் வலிமையை எடுத்துக்காட்டியவர் ஒரு தந்தை. இங்கிலாந்தின் லெஸ்லி டஃபன், டவுன் சிண்ட்ரோம் உடைய தம் மகளுக்கு மூன்று வயது முதல் அட்டைகளில் சொற்களை எழுதிக் காட்டிப் படிக்கச் செய்தார். படித்த சொற்களே அவள் பேச்சுக்கும் துணையாயின. இதை அவர் போர்ட்ஸ்மவுத்தின் உளவியலார் சூ பக்லிக்கு எழுத, 1980 முதல் அங்கே ஆராய்ச்சி வளர்ந்தது. பேச்சு வந்தபின் எழுத்து என்பதே உலக வழக்கு. இங்கு எழுத்தே பேச்சை அழைத்து வந்தது.

நம் திண்ணைப் பள்ளி முறையோ பெரிதும் செவிவழிப்பட்டது. ஆசான் சொல்ல மாணாக்கர் கூட்டமாகத் திருப்பிச் சொல்வர். தோட்டப் பள்ளிகளும் அதையே பின்பற்றின. எதிரொலிக்க இயலாத பிள்ளைக்கு அங்கே இடம் ஏது? 247 எழுத்தும் முடிந்தபின்தான் சொல் என்றால் அவன் சொல்லை எட்டவே மாட்டான். 'பால்', 'பந்து' என்று முழுச் சொல்லை முதலில் காட்டி, எழுத்தைப் பின்னர் பிரித்துக் காட்டுவதே அவனுக்குப் பொருந்தும்.

மலாயாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டுமென்றது. பேசாப் பிள்ளை அந்தப் பத்தில் சேர்க்கப்படாமலே போனதுண்டு. 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் சமூக மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியது. 1997-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள், பிறர் துணையின்றித் தன்னைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கே அரசுப் பள்ளியில் இடம் என்றன. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை 2019-இல்தான் வந்தது.

பூப்பெய்தும் பருவத்தோடு மொழி வளர்ச்சி நின்றுவிடும் என்று லென்னபெர்க் கருதினார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ராபின் சாப்மன் அதை மறுத்தார். டவுன் சிண்ட்ரோம் உடைய இளைஞர்களின் வாக்கியங்கள் பதின்பருவம் கடந்தும் நீண்டு வளர்வதை அவர் 1990-களில் காட்டினார். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பயிற்சியை நிறுத்திவிடும் பெற்றோருக்கு இச்செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.