பதிவு மேசையில் ஒரு வரி: வெளிமாநிலக் காரும் அமெரிக்கப் பயன்பாட்டு வரியின் வரலாறும்

முன்னுரை

கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் ஒருவர் பக்கத்திலுள்ள ஆரிகன் மாநிலத்துக்குப் போய் 30,000 டாலருக்கு ஒரு கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆரிகனில் பொது விற்பனை வரி கிடையாது. ஆனால் ஊர் திரும்பி அந்தக் காரைத் தன் பெயரில் பதிவு செய்யப் போகும்போது, கலிஃபோர்னியாவின் அடிப்படை விகிதமான 7.25 சதவீதத்தில் 2,175 டாலர் கட்டினால்தான் நம்பர் பிளேட் கிடைக்கும். அதே காரை 4 சதவீத வரியுள்ள வேறொரு மாநிலத்தில் வாங்கி, அங்கே 1,200 டாலர் வரி கட்டியிருந்தால், அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதி 975 டாலரை மட்டும் கலிஃபோர்னியா கேட்கும்.

விற்பனை நடந்தது ஒரு மாநிலத்தில். வரி கேட்பது இன்னொரு மாநிலம். இந்த உரிமை எங்கிருந்து வந்தது? ஏற்கெனவே கட்டிய வரியைக் கழிக்கும் வழக்கம் எப்படித் தோன்றியது? 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்திலிருந்து இன்றுவரை இவ்விரண்டும் வளர்ந்த பாதையை இக்கட்டுரை ஆராய்கிறது. மாநில எல்லையில் வசூலிக்க முடியாத வரியை வாகனப் பதிவு மேசையில் வசூலிக்க அமெரிக்க மாநிலங்கள் கற்றுக்கொண்டன. உள்ளூரில் வாங்கியவரையும் வெளியூரில் வாங்கியவரையும் சமமாக நடத்தும் வரைதான் அந்த வசூலுக்கு நியாயம் உண்டு. அந்தச் சமம் குலைந்த பல இடங்களில் நீதிமன்றங்கள் குறுக்கிட வேண்டியிருந்தது.

1. எல்லையில் சுங்கம் கூடாது

அமெரிக்க அரசமைப்பு மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றமான காங்கிரஸிடம் ஒப்படைத்தது. ஒரு மாநிலம் இன்னொன்றின் சரக்குக்குச் சுங்கச் சுவர் எழுப்பக் கூடாது என்பது இதன் உட்கிடை. அதே வேளையில், வெளிமாநிலச் சரக்கு உள்ளே வந்து சேர்ந்த பிறகு அதற்கு வரியே போடக் கூடாதா என்ற கேள்வியும் இருந்தது. 1869இல் அலபாமாவின் மொபைல் நகரம் தொடர்பான உட்ரஃப் எதிர் பார்ஹம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது: இறக்குமதித் தீர்வையைத் தடுக்கும் கூறு அயல்நாட்டுச் சரக்குக்கே பொருந்தும், உள்ளூர்ச் சரக்குக்கு விதிப்பதைப் போலவே வெளிமாநிலச் சரக்குக்கும் வரி விதிக்கலாம்.

1935இல் இந்த எல்லைக்கோடு மீண்டும் அழுத்தமாக வரையப்பட்டது. நியூயார்க் மாநிலம் தன் பால் பண்ணையாளர்களைக் காக்கக் குறைந்தபட்சக் கொள்முதல் விலை வைத்திருந்தது. அதைவிடக் குறைந்த விலைக்கு வெர்மாண்டில் வாங்கிய பாலை நியூயார்க்கில் விற்கக் கூடாது என்றது. பால்ட்வின் எதிர் சீலிக் வழக்கில் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ இதை ஏற்கவில்லை. பக்கத்து மாநிலத்தின் மலிவு விலையை எல்லையிலேயே ஈடுகட்டிவிடும் எந்த ஏற்பாடும் சுங்கத் தீர்வைக்குச் சமம் என்றார். இரண்டே ஆண்டுகளில் அதே நீதிபதி, வெளிமாநிலப் பொருளின் வரிச் சாதகத்தை ஈடுகட்டும் இன்னொரு ஏற்பாட்டைச் செல்லும் என்று தீர்ப்பளித்தார். இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே உள்ள வேறுபாடுதான் வெளிமாநிலக் கார் வரியின் அடித்தளம்.

2. பெருமந்தமும் விற்பனை வரியும்

1929க்குப் பிறகு நிலத்தின் விலையும் வீட்டின் விலையும் சரிந்தன. அவற்றின் மீதான சொத்து வரியை நம்பியிருந்த அரசுகளின் கஜானா வறண்டது. மிசிசிப்பி 1932இல் சில்லறை விற்பனைக்கு 2 சதவீத வரி போட்டது. அந்தப் பத்தாண்டில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் வந்தன. கலிஃபோர்னியாவில் விற்பனை வரி வந்த ஆண்டு 1933.

வாஷிங்டன் மாநிலத்தின் கதை இங்கே முக்கியமானது. அங்கே 1932இல் மக்கள் வாக்களித்து வருமான வரியை ஏற்றுக்கொண்டார்கள். 1933இல் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. வேறு வழியின்றி 1935 வருவாய்ச் சட்டம் 2 சதவீத விற்பனை வரியைக் கொண்டுவந்தது. ஆனால் தெற்கே கொலம்பியா ஆற்றைத் தாண்டினால் விற்பனை வரி இல்லாத ஆரிகன். விலை உயர்ந்த பொருளை வாங்குகிறவர் ஆற்றைக் கடந்துபோய் வாங்கி வந்தால் அரசுக்கு வருவாய் போகும், உள்ளூர்க் கடைக்காரருக்கு வியாபாரம் போகும்.

எனவே அதே சட்டத்தில் துணையாக இன்னொரு 2 சதவீத வரி வைக்கப்பட்டது. அது பொருளை வாங்குவதற்கான வரி அல்ல. மாநிலத்துக்குள் அதைப் பயன்படுத்துவதற்கான வரி. அப்பொருளுக்கு வாஷிங்டனிலோ வேறு எங்கேயோ ஏற்கெனவே 2 சதவீதமோ அதற்கு மேலோ வரி கட்டப்பட்டிருந்தால் இந்த வரி கிடையாது. குறைவாகக் கட்டியிருந்தால் வித்தியாசம் மட்டும் வசூலாகும். கலிஃபோர்னியாவும் அதே 1935இல் பயன்பாட்டு வரியைக் கொண்டுவந்தது.

3. கிராண்ட் கூலி அணை வழக்கு

புதிய வரியின் முதல் பெரிய சோதனை கொலம்பியா ஆற்றின் மீது எழுந்துகொண்டிருந்த கிராண்ட் கூலி அணையில் நடந்தது. ஒப்பந்தக்காரர்கள் ரயில் என்ஜின்கள், சரக்குப் பெட்டிகள், கன்வேயர்கள், பம்புகள், பாலச் சட்டங்களுக்கான எஃகு ஆகியவற்றை வெளிமாநிலங்களில் வாங்கி அணைக்கட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவற்றின் அடக்க விலை சுமார் 9,21,000 டாலர். அதில் 2 சதவீதமாக 18,423 டாலர் கட்டும்படி மாநில வரி ஆணையம் கேட்டது. மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தின் மீது விழும் மறைமுகச் சுங்கம் இது என்று ஒப்பந்தக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள்.

ஹென்னஃபோர்ட் எதிர் சைலஸ் மேசன் கம்பெனி என்ற அவ்வழக்கில் 1937இல் தீர்ப்பு எழுதியவர் கார்டோசோ. பொருள் பயணம் முடித்து மாநிலத்துக்குள் தங்கிவிட்டது. இனி அதை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் உள்ளூர்ச் செயல் என்பது அவரது முதல் வாதம். உள்ளூரில் வாங்கியவர் விற்பனை வரியாகவும் வெளியில் வாங்கியவர் பயன்பாட்டு வரியாகவும் ஒரே சுமையைத்தான் தாங்குகிறார்கள் என்பது இரண்டாவது. வெளியிலிருந்து வருபவர் மீது உள்ளிருப்பவரைவிடக் கூடுதல் பாரம் இல்லாதவரை இது பாகுபாடு ஆகாது என்று அவர் முடித்தார்.

பால் வழக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. அங்கே நியூயார்க் தன் விலையை வெளியூர்ப் பண்ணையாளர் மீது திணித்தது. இங்கே வாஷிங்டன் தன் சொந்தக் குடிமக்கள் கட்டும் வரியைத்தான் வெளியூர்ப் பொருளுக்கும் கேட்டது. ஆனால் தீர்ப்பு ஒரு கேள்வியைத் தீர்க்காமல் விட்டது. முன்பு கட்டிய வரிக்குக் கழிவு கொடுக்காமலே ஒரு மாநிலம் பயன்பாட்டு வரி போட முடியுமா? வாஷிங்டன் சட்டத்திலேயே கழிவு இருந்ததால், அதற்கு விடை சொல்லத் தேவை எழவில்லை. பின்னாளில் வந்த பல சண்டைகளின் வேர் இதுதான்.

4. கார் ஏன் தனி ரகம்?

1944இல் ஒரே நாளில் வந்த இரண்டு தீர்ப்புகள் விற்பனை வரிக்கும் பயன்பாட்டு வரிக்குமான சட்ட வேறுபாட்டை உறுதி செய்தன. டென்னஸியில் முடிந்த விற்பனைக்கு ஆர்கன்சா விற்பனை வரி கேட்க முடியாது என்றது ஒன்று. அயோவாவில் பயன்படுத்தப்படும் பொருளுக்கு அயோவா பயன்பாட்டு வரி வசூலிக்கலாம் என்றது மற்றொன்று.

உரிமை கிடைத்தாலும் வசூல் கைகூடவில்லை. அஞ்சலில் வாங்கிய சட்டைக்கும் நாற்காலிக்கும் தானாக முன்வந்து பயன்பாட்டு வரி கட்டியவர்கள் மிகச் சிலரே. மாநிலத்துக்குள் கடையோ கிடங்கோ இல்லாத விற்பனையாளரை வரி வசூலிக்கக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1967இலும் 1992இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் சவுத் டகோட்டா எதிர் வேஃபேர் வழக்கில்தான் அந்த விதி நீக்கப்பட்டது.

காருக்கு இந்தத் தடை ஒருநாளும் இருந்ததில்லை. நியூயார்க் 1901இல் வாகனப் பதிவைக் கட்டாயமாக்கியதிலிருந்து மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக அவ்வழியில் வந்தன. வேறெந்த வீட்டுப் பொருளையும் போலன்றி, காரின் உரிமையாளர் தானே அரசு மேசைக்கு வந்து, வாங்கிய விலையை எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். விற்பனையாளரைத் துரத்த வேண்டியதில்லை. வரி கட்டாதவருக்குப் பதிவைத் தராமலிருந்தால் போதும். அதனால் சாதாரணக் குடும்பங்களிடமிருந்து முழுமையாக வசூலான பயன்பாட்டு வரி என்றால் அது பெரும்பாலும் வாகனத்தின் மீதான வரிதான்.

5. சமத்துக்கான வரையறைகள்

வசூல் எளிதாக இருந்ததே ஒரு சபலமாகவும் ஆனது. எண்ணெய்க் கிணறுகளில் சிமென்ட் இடும் சிறப்பு லாரிகளை ஹாலிபர்ட்டன் நிறுவனம் ஓக்லஹோமாவில் தானே உருவாக்கி லூசியானாவுக்குக் கொண்டுவந்தது. லூசியானாவுக்குள் உருவாக்கியிருந்தால் உதிரிபாகங்களுக்கு மட்டும்தான் வரி. வெளியில் உருவாக்கியதால் கூலியும் பட்டறைச் செலவும் சேர்த்து வரி கேட்கப்பட்டது. 1963இல் தலைமை நீதிபதி வாரன் இந்த வேறுபாட்டைச் செல்லாததாக்கினார். விகிதம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. எதன் மீது கணக்கிடப்படுகிறதோ அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இத்தீர்ப்பின் பாடம்.

1967இல் நடைமுறைக்கு வந்த பல மாநில வரி உடன்படிக்கை, வேறு மாநிலத்தில் சட்டப்படி கட்டிய விற்பனை வரிக்கு முழுக் கழிவு தர வேண்டும் என்று உறுப்பு மாநிலங்களைக் கட்டுப்படுத்தியது. 1977இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களை மிசிசிப்பிக்குள் விநியோகித்த ஒரு நிறுவனத்தின் வழக்கில் நான்கு அம்சச் சோதனை பிறந்தது: மாநிலத்தோடு போதிய தொடர்பு, நியாயமான பங்கீடு, பாகுபாடின்மை, மாநிலம் அளிக்கும் சேவையோடு பொருத்தம். கம்ப்ளீட் ஆட்டோ டிரான்சிட் எதிர் பிராடி என்னும் அவ்வழக்கின் அளவுகோல்தான் இன்றுவரை கையாளப்படுகிறது.

6. குடிபெயர்ந்தவரின் கார்

இந்த வரலாற்றில் ஒரு சாதாரண மனிதரின் பணத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள வழக்கு 1985இன் வில்லியம்ஸ் எதிர் வெர்மாண்ட். இலினாயில் குடியிருந்த ஒருவர் 1980 டிசம்பரில் புதுக் கார் வாங்கி, அங்கேயே விற்பனை வரியும் கட்டினார். சில மாதங்களில் வெர்மாண்டுக்குக் குடிபெயர்ந்தார். காரைப் பதிவு செய்யப் போனபோது 172 டாலர் பயன்பாட்டு வரி கேட்டார்கள். வெர்மாண்டில் கழிவு உண்டு. ஆனால் வெளி மாநிலத்தில் வரி கட்டிய நாளில் வெர்மாண்ட்வாசியாக இருந்தவருக்கு மட்டும். வெர்மாண்டிலிருந்து போய் வாங்கி வந்தவருக்குக் கழிவு. வேறிடத்தில் வாழ்ந்து, வாங்கி, பிறகு வந்து சேர்ந்தவருக்கு இல்லை.

சாலையைப் பயன்படுத்துகிறவர் சாலைச் செலவைத் தாங்க வேண்டும் என்று மாநிலம் வாதாடியது. இருவர் காரும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. வாங்கிய நாளில் எங்கே குடியிருந்தார் என்பதற்கும் சாலைத் தேய்மானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டது நீதிபதி வைட் எழுதிய தீர்ப்பு. சட்டத்தின் முன் சம பாதுகாப்பு என்ற அடிப்படையில் அந்தப் பாகுபாடு செல்லாது என்றானது. கழிவு அரசமைப்பின் கட்டாயமா என்ற பழைய கேள்விக்கு மட்டும் இங்கும் விடை வரவில்லை.

வரி என்ற பெயரை விட்டுக் கட்டணம் என்ற பெயரிலும் முயற்சிகள் நடந்தன. வெளி மாநிலத்தில் வாங்கிய அல்லது பதிவான கார்களுக்கு ஃப்ளோரிடா 295 டாலர் கட்டணம் விதித்தது; 1994இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. புகை மாசைக் காரணம் காட்டிக் கலிஃபோர்னியா 1990 முதல் வசூலித்த 300 டாலரை 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. மறு ஆண்டு, கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டு கட்டணங்களிலும் உள்ளூரில் வாங்கியவருக்கு இணையான சுமை இல்லை. 1937 தீர்ப்பு கேட்ட அந்தச் சமம் இல்லாததால்தான் இரண்டும் வீழ்ந்தன.

7. அண்மைக்கால மாற்றங்கள்

எட்டு மாநிலங்களோடு எல்லை பகிரும் மிசௌரியில், உள்ளாட்சிகள் பல விற்பனை வரி வைத்திருந்தன. ஆனால் பயன்பாட்டு வரிக்கு அவை வாக்காளரின் ஒப்புதல் பெறவில்லை. அத்தகைய இடங்களில், வெளிமாநிலத்தில் வாங்கியவற்றுக்கு உள்ளூர் விற்பனை வரி கேட்க முடியாது என்று 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்குவோர் எல்லை தாண்டுவார்கள் என்று உள்ளூர் கார் டீலர்கள் அஞ்சினார்கள். வரியை மீட்கும் மசோதாவை, மக்கள் வாக்கெடுப்பு இல்லை என்ற காரணத்தால் ஆளுநர் நிக்சன் தடுத்துவிட்டார். 2013இல் வாக்கெடுப்பு நிபந்தனையோடு புதுச் சட்டம் வந்தது. அதில் வரி விழும் நிகழ்வு விற்பனையிலிருந்து உரிமைப் பதிவுக்கு மாற்றப்பட்டது.

ஆரிகனின் முடிவு இன்னும் குறிப்பிடத்தக்கது. பொது விற்பனை வரியை ஒன்பது முறை வாக்கெடுப்பில் நிராகரித்த மாநிலம் அது. அங்கேயே 2018 தொடக்கத்திலிருந்து, உள்ளூர் டீலர் விற்கும் புதிய வாகனத்துக்கு 0.5 சதவீதமும், 7,500 மைலுக்குள் ஓடிய வாகனத்தை வெளியில் வாங்கிவந்து பதிவு செய்தால் அதே 0.5 சதவீதமும் வரி உண்டு. இரண்டும் இணையாக இருப்பதால் 1937இன் நிபந்தனை நிறைவேறுகிறது.

விற்பனை வரி இல்லாத மொன்டானாவில் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தி, அதன் பெயரில் சொகுசுக் காரைப் பதிவு செய்துகொண்டு சொந்த மாநிலத்தில் ஓட்டும் பழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. வரி வசூலுக்குக் கைகொடுத்த பதிவையே வரி ஏய்ப்புக்குப் பயன்படுத்தும் முறை இது. கார் உண்மையில் எங்கே நிற்கிறது, யார் ஓட்டுகிறார் என்று விசாரிக்க வேண்டிய பொறுப்பு மாநிலங்கள் மீது விழுந்திருக்கிறது.

முடிவுரை

வெளிமாநிலக் காருக்கான வரி இரட்டை வரியாகப் பிறக்கவில்லை. ஒரே பொருள் ஒரே அளவு சுமையைத் தாங்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் 1935இன் வாஷிங்டன் சட்டம் விற்பனை வரியையும் பயன்பாட்டு வரியையும் கழிவையும் சேர்த்தே வடித்தது. இம்மூன்றில் கழிவு குறைந்த இடத்திலெல்லாம், வரி எல்லைச் சுங்கத்தின் குணத்தைப் பெற்றுவிடுகிறது என்பதை வெர்மாண்ட் காட்டுகிறது.

இன்று பெரும்பாலான மாநிலங்கள் கழிவு தருகின்றன. ஆனாலும் விகிதம், கால வரம்பு, பரஸ்பரச் சலுகை என நிபந்தனைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. வேலைக்காகவும் படிப்புக்காகவும் இடம்பெயரும் குடும்பம், வழக்கறிஞரை வைத்துக் கேள்வி கேட்கும் நிலையில் இருப்பதில்லை. மேசையில் சொன்ன தொகையைக் கட்டிவிட்டுப் போகிறது. எனவே கட்டிய வரிக்கு முழுக் கழிவு என்பதை மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல், நாடு முழுவதற்கும் பொதுவான விதியாகக் காங்கிரஸே இயற்றுவது தகும். மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அதனிடமே இருப்பதால், அதற்குப் புதிதாக எந்த உரிமையும் தேவையில்லை.