இலை, எலி, இருநூறு ரூபாய்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குத் தாவரவியல் மாணவர்கள் குறிப்பேட்டுடன் வந்துபோவது நெடுநாள் வழக்கம். எந்த இலை எந்த நோய்க்கு என்று மலையாளிப் பழங்குடி முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். இலை நிழலில் உலர்ந்து, பொடியாகி, எத்தனாலில் ஊறி, வடிசாறாகிறது. அதற்குப் பின் அதன் பயணத்தில் இன்னோர் உயிர் சேர்கிறது: ஆய்வகத்து வெள்ளை எலி. மூலிகை ஆய்வைப் பற்றி எழுதும்போது மலையைப் பேசுகிறோம், மருந்தைப் பேசுகிறோம். இடையில் நிற்கும் எலியை யாரும் பேசுவதில்லை. அதற்கும் நம்மூரில் ஒரு வரலாறு உண்டு.

இவ்வகை ஆய்வுகளில் பேர்பெற்றது சிறுகுறிஞ்சான். சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் ஈ.ஆர்.பி. சண்முகசுந்தரமும் அவருடைய குழுவினரும் 1990இல் வெளியிட்ட கட்டுரைகளில் ஒன்று, ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்னும் வேதிப்பொருளால் நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இவ்விலையின் சாற்றைக் கொடுத்துப் பார்த்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் மீண்டும் பெருகியிருக்கலாம் என்று அது சொன்னது. அதற்குப் பின் தமிழகக் கல்லூரிகளிலிருந்து வந்த மூலிகை ஆய்வேடுகளுள் பல இதே தடத்தில் நடந்தவை.

‘நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலி’ என்று மூன்று சொற்களில் கடந்துவிடுகிறோம். அலொக்ஸானோ ஸ்ட்ரெப்டோசோட்டோசினோ ஊசியாக ஏறியதும் அழியும் அணுக்களிலிருந்து இன்சுலின் ஒருசேரக் கொட்டுகிறது. முதல் நாள் இரவு தண்ணீருக்குப் பதில் குளுக்கோஸ் கரைசல் வைக்காவிட்டால் எலி சர்க்கரை தாழ்ந்தே செத்துப்போகும். பிழைத்தது ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் சிறுநீர் கழிக்கும், உண்டும் மெலியும். கூண்டில் பரப்பிய உமியை அடிக்கடி மாற்றாவிட்டால் அந்த ஈரத்திலேயே கிடக்கும். இத்தனையையும் கவனிப்பது பெரும்பாலும் பேராசிரியர் அல்லர். ஆய்வேட்டின் நன்றியுரையில் கடைசி வரியில் வரும், சிலவற்றில் அதிலும் வராத, விலங்குக் கூடத்துப் பணியாளர்.

அந்தக் கூண்டுக்குள் சட்டம் நுழைந்த கதை ஒரு நடனக் கலைஞரிடமிருந்து தொடங்குகிறது. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குவதைத் தடுப்புக்கென அவர் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளிக்க, அவர் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962இல் சென்னையில் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

அது போலியோத் தடுப்பூசியின் காலம். இந்தியாவின் செம்முகக் குரங்குகள் ஆண்டுக்கு இலட்சக் கணக்கில் மேலை நாட்டு ஆய்வகங்களுக்கு விமானமேறிய காலமும் அதுவே. 1955இல் லண்டன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 400 குரங்குகள் ஒரே நேரத்தில் மூச்சுத்திணறி இறந்தன. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது, சில வாரங்களிலேயே நிபந்தனைகளுடன் மீண்டும் திறந்தது. முழுத்தடை வர 1978 ஆயிற்று. ஒருபுறம் இளம்பிள்ளைவாதம் தாக்கிய குழந்தைகள், மறுபுறம் பெட்டிக்குள் அடைபட்ட குரங்குகள். எந்தப் பக்கம் நின்றாலும் மனம் உறுத்தும் வழக்கு இது.

சட்டத்திலும் அந்த உறுத்தலைக் காணலாம். 14ஆம் பிரிவு, அறிவு வளர்ச்சிக்கும் நோய் நீக்கத்துக்கும் செய்யப்படும் விலங்குச் சோதனை குற்றமாகாது என்று கதவைத் திறந்துவிடுகிறது. 17ஆம் பிரிவு அதே கதவில் காவல் நிற்கிறது: சோதனை பரிவோடு நடக்க வேண்டும், இயன்றவரை மயக்க மருந்து தர வேண்டும், சிறு விலங்கு போதுமென்றால் பெரியதைத் தொடக்கூடாது, நூலும் மாதிரியும் திரைப்படமும் போதுமான இடத்தில் சோதனையே கூடாது, பதிவேடு வைக்க வேண்டும். 1960இல் எழுதிய வாசகங்கள் இவை. படிக்கையில் வியப்பாகத்தான் இருக்கிறது. அதற்கடுத்து 20ஆம் பிரிவைப் படித்தால் வியப்பு வடிந்துவிடும். மீறுவோருக்கு அப்போது விதித்த அபராதம், மிகுந்துபோனால் இருநூறு ரூபாய்.

தொகையைவிடப் பெரிய குறை, உள்ளே வந்து பார்க்க ஆள் இல்லாதது. மேற்பார்வைக் குழுவுக்குச் சட்டத்தில் இடமிருந்தும், பல்கலைக்கழக விலங்குக் கூடங்களின் அன்றாடத்தை அது தொட்டது 1998ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகுதான். அவற்றின்படி கூடம் பதிவுபெற வேண்டும்; ஒவ்வோர் ஆய்வும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். அக்குழுவில் கால்நடை மருத்துவர், வெளி நிறுவனத்து அறிவியலாளர், அறிவியல் சாராத சமூக அக்கறையாளர் ஒருவர், மேற்பார்வைக் குழுவின் பிரதிநிதி ஆகியோர் இடம்பெற வேண்டும். இவர்களுள் முக்கியமானவர் அந்த அறிவியல் சாராதவர் என்பேன். ‘இது எதற்கு?’ என்று கூச்சமின்றிக் கேட்கக்கூடியவர் அவர் ஒருவரே. அவரை அழைத்துத் தேநீர் கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடும் நிறுவனம் விதியை மீறவில்லை. விதியின் உயிரை மட்டும் எடுத்துவிடுகிறது.

17ஆம் பிரிவின் மாதிரி, திரைப்பட வாசகம் வகுப்பறைக்கு வந்த வேகத்தையும் சொல்ல வேண்டும். விலங்கியல் வகுப்புகளில் அறுவையைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டியது 2011இல். முற்றாக நிறுத்தச் சொன்னது 2014இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் மெழுகுத் தட்டில் குத்தப்பட்ட தவளைகளை எண்ணியவர் இல்லை. அவற்றை அறுத்த மாணவர்களில் எத்தனை பேருக்குப் பின்னாளில் அந்தக் கைத்திறன் பயன்பட்டது?

மலையிலிருந்து இலை இன்றும் இறங்கி வருகிறது. ஒப்புதல் கோரும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இதுபோன்ற சோதனை முன்பு நடந்துள்ளதா, ஆமெனில் எத்தனை விலங்குகள் பயன்பட்டன, முடிவு என்ன? நேர்மையாக விடையெழுதினால் பல மூலிகை ஆய்வுகள் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும். ஆறு எலிகள் கொண்ட ஐந்து குழுக்கள், ஒப்பிட கிளிபென்கிளமைடு, சில வாரம் கழித்து இரத்தச் சர்க்கரை குறைந்தது என்று ஒரு பட்டியல், முனைவர் பட்டம். இலை எலியைத் தாண்டி மனிதரிடம் போவது அரிது. இலையைக் காட்டிக்கொடுத்த முதியவருக்கு முடிவைச் சொல்ல யாரும் மலையேறுவது அதனினும் அரிது. கடைசி நாளில் முப்பது எலிகளும் மயக்கத்திலேயே கொல்லப்பட்டு, கணையம் ஃபார்மலினுக்குப் போகிறது. பணியாளர் கூண்டுகளைக் கழுவி வெயிலில் கவிழ்க்கிறார். அடுத்த மாணவரின் எலிகள் வர வேண்டும்.