பலகை இறக்குமதியும் பனையும்

இலங்கையும் இந்தியாவும் ஒட்டுப்பலகையை முதலிற் பெருமளவில் இறக்கியது தேயிலைப் பெட்டிக்காகவே. இரண்டாம் உலகப் போர் அவ்வரவைத் தடுக்க, இலங்கை அரசு கிந்தோட்டையில் ஆலை நிறுவியது. அசாமில் இத்தொழில் முன்னரே வேரூன்றியிருந்தது. 1990இல் இலங்கை இயற்கைக் காடுகளில் மரந்தறித்தலைத் தடைசெய்து, பிறநாட்டு மரத்தையும் பலகையையும் கூடுதலாக நாடியது. 1996இல் உச்ச நீதிமன்ற ஆணையால் வடகிழக்கு ஆலைகள் பல முடங்கியபின், இந்தியாவோ உருட்டுமரத்தை இறக்கித் தானே பலகையாக்கிற்று.

நாடளவிற் கணிக்கும் வர்த்தகப் புள்ளிவிபரத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு தனியே தெரிவதில்லை. தெற்கு இறக்குமதியை நாடிய அதே 1990இல், யூனில் மீண்டும் மூண்ட போரும் பொருளாதாரத் தடையும் குடாநாட்டுக்கு வெளிமரம் வருவதை மறித்தன. எஞ்சியது பனை. புறத்தே வைரமும் அகத்தே மென்சோற்றியும் உடைய அம்மரம் ஒட்டுப்பலகைக்குச் சீவத் தகாது; கூரைக்கு உதவும். பதுங்குகுழிக்கும் காப்பரணுக்குமாக அது பெருந்தொகையாய்த் தறிக்கப்பட்டது. 2009இல் கண்டி வீதி திறந்தபின் பலகை லொறிகளில் வந்தது. தறித்த பனைக்கு ஈடான வைரமரம் உருவாகப் பல பத்தாண்டுகள் செல்லும்.